திருட்டுக் காற்று

எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. இதுதான் மோட்டார் சைக்கிளின் சாப்பாடு. பரிமாறுகிறவர் கார்புரேட்டர். காற்று மிஞ்சினால் இயந்திரம் காய்ந்து கொதிக்கும். பெட்ரோல் மிஞ்சினால் கரியும் புகையும்தான். சமையலில் உப்பைப் போல, கை கொஞ்சம் பிசகினாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

என் பெரியப்பா விட்டுச் சென்ற புல்லட், அறுபதுகளில் திருவொற்றியூரில் பிறந்தது. அதில் இருந்தது ஆமல் கார்புரேட்டர். உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று கசிந்தது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் பிஸ்டனுக்கே ஆபத்து. "ஆமலைக் கழற்றினால் மதிப்புப் போய்விடும், ஓட்டாமல் துடைத்து வையுங்கள்" என்றார், பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் நண்பர். மெக்கானிக் பாய் ஒரே கேள்விதான் கேட்டார்: "சார், வண்டி ஓட்டுறதுக்கா, பார்க்கிறதுக்கா?"

ஓட்டுவதற்கென்று முடிவானது. பிற்காலத்துப் புல்லட்டுகளில் வந்த 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கேஸ்கெட் வைத்து இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, அளவாக முடுக்கினார் பாய். பலத்தைக் காட்டினால் முகம் வளைந்துவிடும். இடுக்கில் புகும் காற்றுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'திருட்டுக் காற்று'. அது இருக்கும்வரை எந்த ஜெட்டை மாற்றினாலும் பயனில்லை.

பழைய ஆமலில் இருந்த ஜெட் நம்பரையே இதிலும் போட்டால் என்ன என்று கேட்டேன். இரண்டு தையற்காரர்களின் அளவு நாடா ஒன்றாக இருக்குமா என்று சிரித்தார். தவிர, பெரியப்பா காலத்துப் பெட்ரோலும் இன்று இல்லை. 2025-ல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால், பழைய அளவு ஜெட்டில் கலவை மெலிந்துபோகிறது.

ஆக்ஸிலேட்டரைத் திருகுவதில் அரைக்கால் வரை பைலட் ஜெட்டின் ராஜ்யம். கால் வரை ஸ்லைடின் வெட்டு. முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று சொல்ல முடியாது.

ஆளில்லாத விடியற்காலைச் சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே கணத்தில் இயந்திரத்தையும் அணைத்து, நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். முதல் நாள் வெளுத்திருந்தது, காற்று அதிகம். பெரிய ஜெட் போட்டோம், கரி படிந்தது. இடைப்பட்டதைப் போட்டோம், காப்பிப்பொடி நிறம். பாய் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பூட்டினார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வண்டிகள் சேர்க்கும் நண்பர் அதன்பின் வரவில்லை. ஆமல், துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தெருமுனைச் சத்தத்திலேயே வண்டியைத் தெரிந்துகொள்வாள். அன்று திண்ணையில் இருந்தபடியே சொன்னாள்: "அவர் ஓட்டினப்போகூட இது இவ்வளவு இருமாம வந்ததில்லேடா."