நாலடி தள்ளி

லடாக்கில் கேமராவுடன் இறங்கும் அமெச்சூர்களுக்கு நிலக்காட்சி எளிதில் வசப்படும். மரமில்லாத மலைகள், கருநீல வானம். சாய்ந்து விழும் காலை வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். பறவைகள் விஷயம் வேறு. 4,500 மீட்டர் உயரத்திலுள்ள சோ கர் ஏரி (2020 முதல் ராம்சர் தலம்) கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் இடம். இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டை. லீவு முடிவதற்குள் ஒரு நல்ல படம் வேண்டுமே என்று இன்னும் நாலடி நெருங்குகிறார் ஒருவர். அடைகாக்கும் பறவை எழுந்து விலகுகிறது. குளிரில் முட்டை விறைக்கும். சுற்றித் திரியும் நாய்களுக்கும் வழி திறக்கும். தள்ளி நின்றால் கொக்கு சிறு புள்ளியாகத்தான் விழும். விழட்டுமே. ஏரியும் மலையுமாக அதன் வீடும் சேர்ந்து பதிவாகும். குஞ்சு பொரிக்கவும் வழியிருக்கும்.