பிரிப்பதற்கு முன் அளக்க வேண்டும்

சென்னைப் புதுப்பேட்டையிலும், உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைச் சுற்றியும் உள்ள கார் பட்டறைகளுக்கு நான் போனது ஒரு கேள்விக்கு விடை தேடித்தான். மாதத்தில் இரண்டு நாள்கூட ஓடாத காரை ஸ்டார்ட் செய்கிறார்கள். ஆயில் லைட் உடனே அணையாமல் சில நொடிகள் எரிகிறது, டேப்பெட் சத்தம் கேட்கிறது, கேஜ் உள்ள வண்டியில் முள் எழத் தயங்குகிறது. இதைப் பார்க்கும் மெக்கானிக் என்ன முடிவுக்கு வருகிறார், எதை வைத்து வருகிறார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டில் உறை போர்த்தி நிற்கும் சிறிய கார்கள், 2014இல் உற்பத்தி நின்ற பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் அம்பாசடர்கள், தினசரிப் போக்குவரத்துக்கு மெட்ரோவையும் ஸ்கூட்டரையும் நம்புகிறவர்களின் வண்டிகள் என்று இந்தக் குறையோடு வருபவை பலவிதம். "பேரிங் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும்" என்பது இவற்றுக்குக் கிடைக்கும் வழக்கமான தீர்ப்பு. பல நேரங்களில் அது அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம். அவசரப்படாமல் இருப்பதற்கான அறிவு இந்தப் பட்டறைகளிலேயே இருக்கிறது. அந்த அறிவுக்குக் கூலி கிடைக்காததால்தான் அது பயன்படாமல் போகிறது.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை; ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது. எஞ்சினின் அடியில் சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் செலுத்தி, பிளாக்கில் துளைத்த வழிகளில் தள்ளுகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இடுக்குகளில் ஆயில் கசிந்து வெளியேறப் படும் தடையே கேஜில் பிரஷராகத் தெரிகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்காக அல்ல, ஏறத்தாழ எட்டு மடங்காகப் பெருகும். அதனால்தான் பேரிங் சிறிது தேய்ந்தாலும் பிரஷர் சட்டென்று விழுகிறது. இன்னொரு பக்கம், ஆயில் சூடாகச் சூடாக இளகும். 20W-40 ஆயில் சென்னையின் காலை வெப்பத்தில் இருக்கும் தடிமனுக்கும், எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும் தடிமனுக்கும் பல மடங்கு வித்தியாசம் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: தேய்ந்த பேரிங் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நேரம் காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரம் அல்ல. ஆயில் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த எஞ்சினிலும் பிரஷர் நன்றாகவே நிற்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடாகி, சிக்னலில் ஐடிலில் நிற்கும்போதுதான் முள் இறங்கும், லைட் மினுக்கும்.

ஆகவே ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தாமதமாகி, பிறகு நன்றாக ஏறி, சூட்டிலும் நிலைத்து நிற்கும் பிரஷர் வேறொரு கதையைச் சொல்கிறது. வண்டி நின்ற நாட்களில் ஃபில்டரிலும் மேல்வழிகளிலும் இருந்த ஆயில் சம்புக்குள் வடிந்துவிட்டது. பம்ப் அவற்றையெல்லாம் மறுபடி நிரப்பிய பிறகுதான் முள் எழ முடியும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வ் பழுதானால் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடுவது போன்றதுதான் இது. பல ஃபில்டர்களுக்குள் இதைத் தடுக்க ஒரு ரப்பர் வால்வ் இருக்கிறது. சாதாரண ரப்பர் சூட்டிலும் வயதிலும் இறுகிவிடும். சிலிக்கோன் ரப்பர் நீண்ட காலம் வளைந்து கொடுக்கும். ஆக, எஞ்சினை இறக்கச் சொல்லும் குறை, சில நூறு ரூபாய் ஃபில்டரோடு தீர்ந்துபோகக் கூடியது. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஏறாத பிரஷர் இவ்விரண்டிலும் சேராது. ஆயில் அளவு குறைவு, அடைத்த ஸ்ட்ரெய்னர், உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று இழுப்பது, பிரஷர் மிகும்போது ஆயிலை சம்புக்கே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ் திறந்தபடி சிக்கிக்கொள்வது, தேய்ந்த பம்ப், அல்லது வெறும் சுவிட்ச் பழுது என்று அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. மூன்று குறைகளையும் பிரித்துக் காட்டுபவை கடிகாரமும் சூடும்தான்.

நான் கவனித்த திறமையான தொழிலாளர்கள் ஸ்பேனரைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். வண்டி எத்தனை நாள் நின்றது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது, ஊற்றியது என்ன ஆயில், லைட் காலையில் எரிகிறதா, ஓடி வந்து நின்றபோது எரிகிறதா என்று முதலில் கேட்கிறார்கள். பிறகு ஆயில் குச்சியை உருவி அளவு பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள், விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார்கள். அளவு குறைந்திருந்தால் அது ஒரு செய்தி. ஊற்றியதைவிடக் கூடியிருந்தால் அது இன்னும் பெரிய செய்தி. எஞ்சினின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் பொருத்திய பழைய கார்களில், பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்புக்குள் இறங்கும். ஆயில் நீர்த்துப்போய் பிரஷர் குளிரிலும் சூட்டிலும் விழும். அதற்கு பேரிங் மாற்றினால் புதுப் பேரிங்கும் அதே நீர்த்த ஆயிலில் தேயும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது குளிர்ந்த எஞ்சினில் ஆவி படிந்ததாலா, ஹெட் கேஸ்கெட் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியதாலா என்பது அடுத்த கேள்வி. மூக்கையும் விரலையும் கொண்டு செய்யும் இந்தச் சோதனைக்கு ஒரு விலையும் உண்டு: பழைய ஆயிலில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சேர்மங்கள் சேர்ந்திருக்கும். கையுறை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதைத் தொடும் கைகளைப் பற்றி வாடிக்கையாளரும் யோசிக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கேஜ் வருகிறது. பிளாக்கில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டுகிறார்கள். காயில் ஒயரையோ, புதிய வண்டியானால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ எடுத்துவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி செல்ஃப் மட்டும் அடிக்கிறார்கள். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிப்பதில்லை. ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விடுகிறார்கள். முள் எழுந்த பிறகுதான் எஞ்சினை ஓடவிடுகிறார்கள். குளிரில் எத்தனை நொடியில் எழுந்தது, எவ்வளவு எழுந்தது, முழுச் சூட்டில் ஐடிலில் எவ்வளவு, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எவ்வளவு என்ற எண்களைக் கம்பெனி மேனுவலோடு ஒப்பிடுகிறார்கள். மேனுவல் கிடைக்காத இடத்தில், ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்ற பழைய கைக்கணக்கு ஓரளவு உதவும். புதிய கார்களுக்கு ஸ்கேனர் போதுமே என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது பிரஷரை அளக்கும் சென்சார் அல்ல. ஐந்தாறு பிஎஸ்ஐ அளவில் லைட்டை அணைக்கும் சுவிட்ச்தான். அதனிடம் எண் கிடையாது. இல்லாத எண்ணை ஸ்கேனர் எங்கிருந்து படிக்கும்?

கெட்டியான ஆயில் ஊற்றினால் பிரஷர் ஏறிவிடுமே என்பது பட்டறைகளில் நான் அதிகம் கேட்ட மறுப்பு. ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது தடை, ஓட்டம் அல்ல. குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயிலைப் பம்ப் தள்ளும்போது ரிலீஃப் வால்வ் திறந்து ஒரு பகுதியை சம்புக்கே திருப்பி அனுப்புகிறது. கேஜ் நிறைவாகக் காட்டும். மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் தாமதமாகவே போய்ச் சேரும். ஓடாத காரில் சிக்கலே அந்த முதல் நொடிகள்தான் என்னும்போது, இந்த வைத்தியம் முள்ளைத் தேற்றிவிட்டு எஞ்சினைக் கைவிடுகிறது. எதிர்ப்புறத்தில், ஒவ்வொரு காய்ந்த ஸ்டார்ட்டிலும் பேரிங் அழிகிறது என்று பயமுறுத்துவதும் அளவு மீறியது. இங்கிலாந்தில் பியூஷாம்ப் டவர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்து 1883இல் அறிக்கை தந்தார். பேரிங்கில் துளையிட்டு அடைத்த கட்டையை ஆயில் வெளியே தள்ளியது. சுழலும் அச்சே ஆயிலை இழுத்துத் தன்னைத் தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் தந்தார். பம்பின் வேலை அந்தப் படலத்துக்குத் தீனி போடுவது. பேரிங்கில் எஞ்சியிருக்கும் ஆயில் இரண்டு மூன்று நொடிகளுக்குப் பெரும்பாலும் காக்கும். நீண்ட நேரத்துக்குக் காக்காது. எனவே லைட் ஐந்தாறு நொடியில் அணையவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். என் வாதத்துக்கு இது முரணானது அல்ல. அளப்பதன் முதல் படியே இதுதான்.

எப்படியும் பழைய எஞ்சின், பிரித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீருமே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. நல்ல கையில் பிரித்த எஞ்சின் நல்லபடியாகவே திரும்பும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எஞ்சினை இறக்கினால் வேலை வெறுமனே பிரித்துப் பார்ப்பதோடு நிற்காது. இறக்கிய எஞ்சினில் கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பாமல் ஏற்றுவது அரிது. ஒவ்வொரு கிரைண்டிங்கும் கிராங்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு உலோகத்தை நிரந்தரமாக எடுத்துவிடும். பத்து, இருபது, முப்பது என்று போய் கம்பெனி அனுமதித்த கடைசி அளவை எட்டிவிட்டால் அந்த கிராங்குக்கு மறுவாழ்வு இல்லை. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இது சிறிய இழப்பல்ல. தேவையில்லாமல் பிரித்த எஞ்சினில் தூசி புகும், கேஸ்கெட் கசியும், பேரிங் கேப் இடம் மாறினால் பொருத்தம் கெடும். சந்தேகம் தீர்க்கக் கேஜ் இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத உலோகத்தைக் கொடுத்துச் சந்தேகம் தீர்ப்பது நியாயமாகாது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறோமே என்கிறார்கள் உரிமையாளர்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்புக்குள் இறங்குகிறது; எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிட ஐடிலில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். ஆக வாராவாரம் தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். முடியாதென்றால் தொடாமல் விடுவதே மேல். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த தொழிலாளி ஏன் "எஞ்சினை இறக்கணும்" என்கிறார்? பட்டறையின் பில்லில் பேரிங்குக்கு ஒரு வரி உண்டு, கிரைண்டிங்குக்கு ஒரு வரி உண்டு, எஞ்சின் ஏற்றி இறக்கும் கூலிக்கு ஒரு வரி உண்டு. அளந்து பார்த்ததற்கு ஒரு வரியும் கிடையாது. கேஜ் மாட்டி ஒரு மணி நேரம் காத்திருந்து ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்பினால், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் இந்தத் தீர்ப்பை உருவாக்குகிறார். ஏமாற்றும் பட்டறைகள் இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் நேர்மையானவரையும் நேர்மையற்றவரையும் ஒரே பக்கம் தள்ளும் கூலி முறைக்குப் பொறுப்பு நம்முடையதும்தான். ஐடிஐயில் இரண்டு ஆண்டு மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வரும் இளைஞருக்கும், சிறுவயதிலிருந்து பட்டறையிலேயே கற்றவருக்கும் உண்மையான மூலதனம் அவர்களுடைய கணிப்பு. அதை இலவசமாக வாங்கிக்கொண்டு உதிரிபாகத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால், உதிரிபாகம்தான் நமக்குக் கிடைக்கும். உங்கள் கார் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் லைட் தயங்கினால், பட்டறையில் முதலில் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். குளிரிலும் சூட்டிலும் எடுத்த எண்களை எழுதி வாங்குங்கள். ஒன்றும் பிரிக்காமல் வண்டி திரும்பினாலும் அந்த நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.