முன்சக்கரப் புகை

முன்சக்கரம் இழுக்கிற காரில் பர்னவுட் அடிக்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் கார் நகராமல் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். ரப்பர் இருநூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது உருகிப் புகையத் தொடங்கும். ரீல்ஸில் நாம் பார்ப்பது இந்தப் பதினைந்து விநாடிகளைத்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பது வீடியோவில் இருக்காது.

இந்த வித்தை டிராக் ரேஸிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சூடான டயர் தரையை நன்றாகப் பற்றும், அதனால் ஓட்டத்துக்கு முன் தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1988 முதல் நடக்கும் சம்மர்நாட்ஸ் திருவிழாவில் இந்தப் புகையே தனிப் போட்டி. அங்கே பெரும்பாலும் பெரிய எஞ்சின் வைத்த, பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். நம்மூரில் அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர வண்டிகள்தான், ஆனால் அவற்றை வைத்துப் புகை கிளப்பலாம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஞ்சின் குறுக்கே திரும்பியது, இழுக்கிற வேலை முன்சக்கரத்துக்குப் போனது. அதற்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்து வாசலில் நிற்கும் கார் அநேகமாக அந்த வகைதான். ஆகவே நம் பையன்கள் பர்னவுட் அடிப்பது அந்த வித்தைக்குக் கொஞ்சமும் பொருந்தாத வண்டியில்.

போன தீபாவளிக்குக் கோவை போயிருந்தபோது அக்கா பையன் கேட்டான்.

"மாமா, நம்ம கார்ல பர்னவுட் அடிக்க முடியுமா?"

இரண்டாம் வருடம் இன்ஜினியரிங். 'நம்ம கார்' என்பது அவன் அப்பா ஐந்து வருடக் கடனில் வாங்கியது. 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நானும் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போனவன். யாராவது டயரைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று பத்து வருடமாகக் காத்திருக்கிறேன். காகிதத்தை எடுத்தேன்.

"கார் எடை 900 கிலோன்னு வெச்சுக்கோ. எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் முன்னாடி. அதனால முன்சக்கரத்து மேல 540 கிலோ, பின்சக்கரத்து மேல 360 கிலோ. இப்ப எது இழுக்குது, எது பிடிச்சு நிக்குது?"

"முன்னாடி இழுக்குது. பின்னாடி பிடிக்குது."

"அதாவது கனமானவன் இழுக்கறான், லேசானவன் பிடிக்கறான்."

வழுக்கிச் சுழலும் டயரின் பிடிப்பு, நிற்கும் டயருடையதைவிடக் குறைவுதான். இருந்தாலும் காய்ந்த ரோட்டில் தோராயமாகக் கணக்குப் போட்டால், பூட்டிய பின்சக்கரங்களையும் சேர்த்துத் தரதரவென்று இழுத்துப் போகிற அளவு விசை முன்பக்கம் மிச்சமிருக்கும். பிரேக் பெடலை மிதித்தால் அது முன்சக்கரத்தைத்தான் அதிகம் பிடிக்கும், சுழற்சியே நின்றுவிடும். அதனால்தான் முன்சக்கரத்துக்கு அடியில் மட்டும் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றுகிறார்கள். ஈரத்தில் சுழன்றுகொண்டே கார் அங்குலம் அங்குலமாக நகரும். டயர் காய்ந்த தரையைத் தொட்ட நொடியில் பிடிப்பு திரும்ப வரும். அப்போது எஞ்சின் உச்சத்தில் இருக்கும். கார் பாயும்.

"சரி, வீடியோ எடுக்கறவன் எங்க நிக்கறான்?" என்றேன்.

பதில் சொல்லாமல் மொபைலை எடுத்து அந்த ரீலை மறுபடி பார்த்தான். முன்னால்தான் நிற்க வேண்டும். புகை முன்னால்தானே வருகிறது. அதே புகை பானட்டைச் சுற்றி எழுந்து கண்ணாடியை மறைக்கும். வெளிக்காற்று காருக்குள் நுழையும் வழியும் அநேகக் கார்களில் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது. கண் தெரிந்தே ஆக வேண்டிய நேரத்தில் ஓட்டுபவனுக்குக் கண் தெரியாது.

அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிற சின்னப் பற்சக்கரங்கள் அவை. சாதாரணக் கார்களில் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவோ அது மட்டும் சுழலும், மற்றது சும்மா நிற்கும். பல கார்களில் ஸ்பீடோமீட்டர் இரண்டு சக்கரங்களின் சராசரியைத்தான் காட்டுகிறது. ஒன்று நிற்கும்போது முள் 100 காட்டினால், சுழலும் சக்கரம் 200 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒரு கிராம் ரப்பர், ஏறக்குறைய ஒரு கிலோ கனத்தோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். 'டி' என்று எழுத்துப் போட்ட டயரின் எல்லை 190 கி.மீ. அதுவும் சரியான காற்றோடு, நல்ல நிலையில் உள்ள டயருக்கு. மாட்டிக்கொண்ட காரை எடுக்கும்போது முள் 55 கி.மீ.க்கு மேல் போகும்படி சக்கரத்தைச் சுழற்றாதீர்கள் என்று டயர் கம்பெனிகள் எச்சரிப்பது இதனால்தான். டயர் வெடித்தால் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளும் சேர்ந்து பறக்கும்.

வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணனிடம் மறுநாள் இவனையும் கூட்டிப் போனேன். அவர் ஒரு பழைய டிஃபரன்ஷியலைத் திறந்து காட்டினார். நடு அச்சில் ஆழமாகத் தேய்ந்த தடம்.

"இது வளைவுல திரும்பறதுக்கு வெச்ச கியருங்க தம்பி. ஒரு வீலு மட்டும் இந்தச் சுத்து சுத்துனா ஆயில் நிக்காது, அச்சே கடிச்சுப் போயிரும். ஒடஞ்சா பாக்ஸையே ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். ரப்பர் செருப்பு போட்டுட்டு மலையேறலாமுங்களா?"

"சில பேரு ரிவர்ஸ்ல பண்றாங்களேண்ணா?"

"அப்ப இன்னும் சீக்கிரம் எங்கிட்ட வருவீங்க" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் பையன் இன்னொன்றைக் கேட்டான். "டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ண பட்டன் இருக்கே. பண்ணவே கூடாதுன்னா கம்பெனிக்காரன் ஏன் அதைக் குடுக்கறான்?" நல்ல கேள்வி. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, ஒன்று மட்டும் தறிகெட்டுச் சுற்றினால் எஞ்சினைக் குறைத்து அந்தச் சக்கரத்தைப் பிடிப்பது அந்த நிரலின் வேலை. சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்டால் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வர முடியும். அதற்காகத்தான் பட்டன்.

அப்போதுதான் அவனிடம் நாற்காலிக் கதையைச் சொன்னேன். நான் படித்த கல்லூரியில் கடைசி நாள். யாரோ ஒருவனின் அப்பாவுடைய வெள்ளைக் கார். கேன்டீன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். இரண்டாம் மாடி வராண்டாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வந்தது, விசில் பறந்தது, கார் மெல்ல மெல்ல ஊர்ந்தது. பிறகு ஒரே பாய்ச்சல். கேட் பக்கத்துச் சுவரில் மோதி நின்றது. நடுவில் வாட்ச்மேன் ஐயாவின் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. காலேஜ் பஸ்ஸுக்குக் கேட் திறக்க அவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

யாருக்கும் அடியில்லை. சாயங்காலத்துக்குள் காசு சேர்த்துப் புது நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டார். பழைய இடத்தில் போடவில்லை. வேப்ப மரத்துக்குப் பின்னால், அடிமரம் தன்னை மறைக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கேட் சரியாகத் தெரியாது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பின்சக்கர வண்டின்னா ஓகேவா மாமா?" என்றான்.

"மாப்ள, நாற்காலிக்கு எந்தச் சக்கரம்னு தெரியுமா?"

கார்த்திகையில் நல்ல மழை. குலதெய்வம் கோயிலுக்குப் போன இடத்தில் காரின் முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றியது. அதே பர்னவுட், புகைதான் இல்லை. சித்தப்பாவும் இரண்டு பொடியன்களும் கதவோரமாக நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவதற்குள் பையன் கத்தினான்.

"அப்பா, கால எடுங்க! சித்தப்பா, வீலுகிட்ட யாரும் நிக்காதீங்க, தள்ளி வாங்க!"

கோயில் மடப்பள்ளியிலிருந்து இரண்டு கோணிச்சாக்கு வாங்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் திணித்தான். அப்பாவை இறங்கச் சொல்லிவிட்டு அவனே உட்கார்ந்தான். செகண்ட் கியர், கிளட்ச்சை மெல்ல விட்டான். கார் முனகிக்கொண்டே மேலே ஏறியது. ஸ்பீடோமீட்டர் முள் பத்தைக்கூடத் தொடவில்லை.