வாளி தட்டுற சத்தம்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிக்கும். எல்லாரும் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுவினம். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் இறங்கினோம், கச்சானும் வாங்கினோம், ஆனால் திரும்ப ஏறவில்லை. அங்கேயிருந்து அக்கராயனுக்கு ஓட்டோ. கையில் இரவல் வாங்கின ஒரு ரெக்கோடர், இரண்டு போன், மைக்கில் காத்துச் சத்தம் விழாமல் இருக்க மேலே மாட்டுறதுக்கு ஒரு சொக்ஸ். தோய்ச்ச சொக்ஸ்தான், பயப்பட வேண்டாம்.

மூன்றாம் வருஷத்தில் பன்னிரண்டு நிமிஷ ஒலி ஆவணம் ஒன்று செய்து குடுக்கவேணும். சூழலும் சமூக நீதியும் எண்டு தலைப்பு. எங்களுக்குள் இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தன் கிளிநொச்சி, ஒருத்தி ஹட்டன் பக்கம். கிளிநொச்சிக்காரன்தான் சொன்னான், "மணலைப் பற்றிச் செய்வம்" எண்டு. முதல் நாங்கள் பெரிசா எடுக்கேல்ல. மணல் கள்ளமாக அள்ளுற செய்தி கிழமைக்கு ஒருக்காப் பேப்பரில் வரும். இன்ன இடத்தில் டிப்பர் பிடிபட்டது, சாரதி கைது. இரண்டு வரி. அதுக்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை.

ஆனால் கொஞ்சம் வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லில் கிடக்கிற நிலம். சொல்லிக்கொள்ளுற மாதிரி ஒரு ஆறு இல்லை, வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடுறது. அப்ப ஆத்து மணல் எங்கேயிருந்து வாறது? போருக்குப் பிறகு கட்டின வீடுகள், கடைகள், கல்யாண மண்டபங்கள், ஏன் நாங்கள் படிக்கிற விரிவுரை மண்டபச் சுவர், இதுகளில் வன்னி ஆறுகள் எவ்வளவு பூசிக் கிடக்குது எண்டு நினைச்சால், சுவரில் சாய்ஞ்சு இருந்து 'சூழலியல் நீதி' எண்டு பவர்பொயின்ட் செய்யவே ஒரு மாதிரி இருந்தது.

இதில் வன்னி மட்டும் குடுத்தது, மற்றவை மட்டும் எடுத்தது எண்டும் சொல்லேலாது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் குடுத்தார்கள். மீளக்குடியேறி தரப்பாளுக்குக் கீழே இருந்த சனத்துக்கு அந்த வீட்டைக் கட்டவும் மணல்தான் வேணும். 2008 இல் அக்கராயனை விட்டு ஓடின சனம் திரும்பி வந்து முதல் செய்த வேலையே சுவர் எழுப்பினதுதான். யார் அள்ளினது, யார் வாங்கினது எண்டு கோடு கிழிக்கப் போனால் கோடு எல்லார் வீட்டு முற்றத்தாலும் போகும்.

ஆத்து மணல் எண்டது சும்மா கிடக்கிற சாமான் இல்லை. மாரித் தண்ணியைக் குடிச்சு வைச்சுக்கொண்டு கோடை முழுக்க அக்கம்பக்கத்து நிலத்துக்கு மெல்ல மெல்ல விடுறது அதுதான். மணலை அள்ள ஆத்துப் படுகை பதியும். படுகை பதிய, கரையிலுள்ள கிணறுகளின் தண்ணி மட்டமும் கீழே போகும், பிறகு கரை இடியும், கரையில் நிக்கிற மருதும் வேரோடு சரியும். இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலும் இல்லை. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் அகழ முடியாது. ஆனால் 2019 டிசம்பரில் மணலை ஏத்திக்கொண்டு போறதுக்கான அனுமதிப்பத்திரத்தை அரசாங்கம் தேவையில்லை எண்டு எடுத்துவிட்டது. வீடு கட்டுறவைக்கு மலிவாக மணல் கிடைக்க எண்டு காரணம் சொன்னார்கள். அகழ அனுமதி வேணும், ஆனால் ரோட்டில் போற டிப்பரை மறிச்சு இது எங்கே அகழ்ந்தது எண்டு கேக்க அப்பக் கடதாசி இல்லாமல் போனது. பகிடி போல இருக்குதல்லோ? ஆத்தங்கரையில் இருக்கிறவைக்குப் பகிடி இல்லை.

சரி, அந்த அம்மாவுக்கு வருவம். பேர் எழுதமாட்டம். இங்கே எழுதுறதிலும் ஊரைத் தவிரச் சில விபரங்களை மாத்தியிருக்கிறம். எவை எண்டும் சொல்லமாட்டம். ஏன் எண்டது வாசிக்க விளங்கும்.

ஆவணி மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. அவ கிணத்தடியில் நிண்டா. நாங்கள் எங்கட தலைப்பைச் சொல்ல, "நீதி எண்டா என்ன, கேஸ் போடப் போறியளோ?" எண்டு கேட்டா. எங்களிடம் பதில் இல்லை. மைக்கைக் காட்டிச் சிரிச்சம். பிறகு அவ வாளியை விட்டா. கயிறு போய்க்கொண்டே இருந்தது. அடியில் கல்லில் "டக்" எண்டு தட்டினது.

"கேட்டியளோ பிள்ளையள்? முந்தி இந்த மாசத்தில வாளி தண்ணியிலதான் விழும். இப்ப சித்திரைக்குப் பிறகு இந்தச் சத்தம்தான்."

எங்கட பன்னிரண்டு நிமிஷத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது எண்டு அந்த இடத்திலேயே தெரிஞ்சது. ஆளை ஆள் பார்த்துக் கண்ணைக் காட்டினம். இப்ப நினைக்க வெக்கமா இருக்குது. ஒரு மனிசியின் கிணறு வத்தின சத்தத்துக்கு நாங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறம்.

அரை மணித்தியாலம் கதைச்சா. இடையில எங்கட ஹட்டன்காரி ஏதோ கேக்க, அவ அப்படியே நிண்டிட்டா. "நீ எந்தத் தோட்டம் புள்ள?" எண்டா. அதுவரைக்கும் எங்களோட வன்னித் தமிழ் கதைச்ச ஆள், அந்தக் கேள்வியோட வேற ஆளா மாறிப்போனா. 1977 கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோட மலையிலிருந்து வந்த குடும்பம். வரேக்கை அவவுக்கு எட்டு வயசு. வந்தவைக்கு இருக்க நிலம் கிடைச்சது, குளத்துக்குக் கீழ வயல் கிடைக்கேல்ல. வன்னியில் வயல் இல்லாதவைக்கு என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கினது. சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணி இருக்கு, எத்தனை ஏக்கர் செய்யலாம் எண்டு கூட்டம் போட்டு முடிவெடுப்பினம். வயல் இருக்கிறவைக்குத்தான் அதில் பங்கு. குளம் நிரம்பினாலும் இவவுக்கு வேறொருவர் வயலில் புல்லுப் பிடுங்குற கூலிதான், வத்தினால் அதுவும் இல்லை.

பிறகு அவ சொன்னதுதான் விஷயம். ஹட்டன்காரியைப் பார்த்து, மெதுவா:

"யாரு மேல சொல்றது புள்ள? அள்ளுறது நம்ம புள்ளதானே. ராத்திரிக்குப் போனா விடியக் காசோட வாறான். டிப்பர்காரன் எங்க இருக்கானோ, ஆறு நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கு."

ரெக்கோடர் ஓடிக்கொண்டு இருந்தது. சிவப்பு லைட் எரிஞ்சுகொண்டு இருந்தது. அவவுக்கும் அது தெரியும். ஆனால் சொந்தப் பாஷையில் கதைக்கிற ஆளுக்கு மைக் மறந்துபோகும். அது எங்கட கெட்டித்தனம் இல்லை, ஒரு விதமான களவு எண்டும் சொல்லலாம்.

அன்றிரவு கிளிநொச்சியில் நண்பன் வீட்டில் இருந்து சண்டை பிடிச்சம். ஒருத்தர் சொன்னார், இந்த ஒரு துண்டு இல்லாமல் எங்கட கதை பேப்பரில் வாற இரண்டு வரி மாதிரித்தான் இருக்கும் எண்டு. உண்மைதான். ஆத்தை அழிக்கிறவன் ஒரு பக்கம், கிணறு வத்தினவள் மறுபக்கம் எண்டு எல்லாரும் கதை சொல்லுவினம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறதை அந்தத் துண்டு சொன்னது. மற்றவர் சொன்னார், 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி எடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்களை அடிச்சுக் காயப்படுத்தினதை. அடி வாங்கினது செய்தியாளர்கள். நாங்கள் பஸ் ஏறிப் போயிடுவம், இவ எங்கே போவா?

முடிவில் ஒரு 'நடுவழி' கண்டுபிடிச்சம். குரலை மாத்துவம். ஓடியோ மென்பொருளில் சுருதியைக் குறைச்சால் ஆள் தெரியாது. பெரிய பத்திரிகைக்காரர் மாதிரி நினைப்பு.

இரண்டு கிழமைக்குப் பிறகு போட்டுக் காட்டப் போனம். அவவின் பேத்தி, ஐந்து வயசு இருக்கும், மண்ணில் விளையாடிக்கொண்டு இருந்தவள், மூன்றாவது வசனத்தில் நிமிர்ந்து பார்த்து, "அப்பாச்சி, உங்களுக்குத் தடிமனோ?" எண்டாள்.

எல்லாரும் சிரிச்சம். பிறகு சிரிப்பு நிண்டுது. சுருதியை என்ன செய்தாலும், பாதி வன்னியும் பாதி மலையகமுமாக, "பிள்ளையள்" எண்டு தொடங்கி "புள்ள" எண்டு முடிக்கிற அந்தப் பேச்சு அந்தச் சுத்துவட்டாரத்தில் அவவின் முகம் மாதிரி. கொழும்பில் கேக்கிறவனுக்கு அது ஒரு 'அநாமதேயப் பெண்'. பக்கத்து வளவில் கேக்கிறவனுக்கு இன்னார், இன்னாற்ற தாய். ஆபத்து வாறதும் பக்கத்து வளவிலிருந்துதானே.

அவ மகனுக்கும் போட்டுக் காட்டச் சொன்னா. அவன் கேட்டிட்டு ஒன்றும் சொல்லேல்ல. சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியில போட்டான். அவ எங்களிட்டச் சொன்னா, "கிணத்தை வைச்சிருங்கோ. மற்றதை எடுத்துப்போடுங்கோ."

எடுத்தம். பைலையும் அவ முன்னாலேயே அழிச்சம். அதில் எங்களுக்குள் ஒருத்தருக்கு இன்னும் வருத்தம்தான், மறைக்கேல்ல.

மகாவலித் திட்டத்தில் இடம் மாத்தின சனத்துக்காக 1981 இல் மகாவலி சமுதாய வானொலி தொடங்கினது. தயாரிப்பாளர்கள் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கித்தான் ஒலிப்பதிவு செய்தார்களாம். 1989 இல் கொத்மலை வானொலி அதிலிருந்து வந்தது. வகுப்பில் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினம். நாட்கணக்கில் ஏன் தங்கினார்கள் எண்டு அப்ப யோசிக்கேல்ல. நாங்கள் காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் வந்தவை. இன்னும் இரண்டு நாள் நிண்டிருந்தால் மகனிட்டயும் கதைச்சிருப்பம், அவன் ஓம் எண்டிருக்கவும் கூடும். பாம்பனில் மீனவச் சனமே நடத்துற 'கடல் ஓசை' வானொலி மாதிரி அக்கராயனில் ஒன்று இருந்தால் எங்களுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது எண்டும் தோன்றுது.

இரணைமடுத் தண்ணி விஷயத்திலும் இதே கோளாறுதான் நடந்தது. யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி குடுக்க ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடனுக்கு அனுமதி குடுத்தது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், கடைசியில் 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். அந்த வருஷங்கள் முழுக்க யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குக் கேட்டது ஒரு வசனம்தான்: "கிளிநொச்சியார் தண்ணி தரமாட்டினமாம்." வயலில் கூலி வேலை செய்யிற ஒருத்தியின் குரல் அந்த வாக்குவாதத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை.

எங்கட பன்னிரண்டு நிமிஷம் ஒன்பது நிமிஷமாகக் குறைஞ்சது. வத்தின கிணறு அவவுடையது மட்டும் எண்டு தெரியாமல் இருக்க இன்னும் மூன்று வீட்டுக் கிணறுகளில் வாளி விட்டுப் பதிஞ்சு சேர்த்தம். நாலு வாளி, நாலு சத்தம். விரிவுரையாளர் குறிப்பில் "பாதிக்கப்பட்டவரின் குரல் வலுவாக இல்லை" எண்டு எழுதியிருந்தா. சரியான விமர்சனம்தான். புள்ளியும் அதுக்கேத்த மாதிரித்தான் வந்தது.

முடிஞ்சதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினம். இந்தக் கட்டுரையையும் வாசிச்சுக் காட்டினம், இரண்டு இடத்தில் மாத்தச் சொன்னா, மாத்தினம். ஒலிப்பதிவில் வாளிச் சத்தம் வந்தபோது போனைக் காதோட வைச்சுக் கேட்டா. மூன்றாவது சத்தத்தில் கையைக் காட்டினா.

"இது என்ர வாளி. பிடி ஒரு பக்கம் கழண்டது, அதான் இப்பிடி இழுத்துக் கேக்குது."

நாங்கள் ஆளை ஆள் பார்த்தம். அதையும் எடுக்கட்டோ எண்டு கேட்டம்.

"வாளிதானே, இருக்கட்டும்" எண்டிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனா.