மூலையில் வைத்தால் பத்திரமா? ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆட்டோ-பேட்லர்

ஆட்டோ-பேட்லர் விளையாட்டில் ஒரு வினோதம் உண்டு. சண்டை தொடங்கிவிட்டால் ஆடுகிறவருக்கு வேலையே கிடையாது. ஆட்களை வாங்கலாம், கட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று வைக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். 2019 ஜனவரியில் டோட்டா ஆட்டோ செஸ் வந்தது, அதே வருடம் ஜூனில் டீம்ஃபைட் டாக்டிக்ஸ் வந்தது. ஹாஸ்டல் அறைகளில் தூக்கம் போனது.

புதிதாக ஆட வருகிறவருக்கு முதலில் சொல்லித் தருவது ஒரே பாடம்: அடி தாங்குகிற டாங்க் முன்வரிசையில், அடி கொடுக்கிற கேரி பின்வரிசை மூலையில். டீம்ஃபைட் டாக்டிக்ஸில் ஒருவருக்கு 4 வரிசை, வரிசைக்கு 7 அறுகோணம், மொத்தம் 28 இடம். கடைசி வரிசை மூலைதான் எதிரியிடமிருந்து ரொம்ப தூரம். அங்கே வைத்தால் பத்திரம். நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் எதிராளியிடம் அசாசின்கள் இருந்தால்? அவை முன்வரிசையை மதிப்பதே இல்லை, ஆட்டம் தொடங்கியதும் தாவிப் பின்னால் இறங்கும். முதல் சீசனில் பிளிட்ஸ்கிராங்க் என்று ஒரு பாத்திரம். அது கொக்கி போட்டு இழுப்பது யாரை என்றால், இருப்பதிலேயே தூரத்தில் நிற்பவரை! பத்திரம் என்று மூலையில் வைத்த கேரி, அந்த மூலையில் நின்ற ஒரே காரணத்துக்காக எதிரிக் கூட்டத்தின் நடுவில் போய் விழும். 'பின்னால்' என்பது இடத்தின் குணம் இல்லை. எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பதைப் பொறுத்து மாறுகிற விஷயம்.

இதைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்க விளையாட்டே தேவையில்லை. 1752-இல் ஸ்ரீரங்கத்தில் நடந்ததைச் சொன்னால் போதும்.

திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயர், தஞ்சாவூர், மைசூர், மராட்டியர். வெளியே முற்றுகை போட்டிருந்தவர் சந்தா சாகிப். அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர்கள், தளபதி ஜாக் லா. (பிரான்ஸின் கஜானாவையே கவிழ்த்த ஜான் லாவின் அண்ணன் தம்பி பிள்ளை. குடும்ப ராசி!) மார்ச் கடைசியில் மேஜர் லாரன்ஸ் புதுப் படையோடு திருச்சிக்கு வந்து சேர்ந்ததும் லா பயந்துவிட்டார். தென்கரையை விட்டு, காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்தார். பிரெஞ்சுக்காரர்கள் திருவானைக்காவல் கோயிலில், சந்தா சாகிப்பின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயில் பக்கம்.

வரைபடத்தில் பார்த்தால் இதைவிட நல்ல மூலை கிடையாது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், சுற்றிலும் கோயில் மதில். எதிரி தெற்கில் திருச்சியில் இருக்கிற வரைக்கும் இது பின்வரிசைதான்.

ராபர்ட் கிளைவுக்கு அப்போது வயது 26. அவர் சொன்ன யோசனை சாதாரணமாக எந்தத் தளபதியும் ஏற்காதது: படையை இரண்டாகப் பிரிப்போம், ஒரு பாதி கொள்ளிடத்துக்கு வடக்கே போகட்டும். பிரித்த படையைத் தனித்தனியாக அடித்து நொறுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். அவசரமாக நடந்தால் ஒன்றுக்கொன்று உதவிக்கு வந்துவிடுகிற தூரத்தைத் தாண்டக் கூடாது என்று மட்டும் ஏற்பாடு. 400 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், மராட்டிய, தஞ்சாவூர்க் குதிரைப்படை 4000 பேரோடு கிளைவ் சமயபுரத்தில் போய் உட்கார்ந்தார். அது புதுச்சேரிப் பக்கமிருந்து லாவுக்குச் சோறும் ஆளும் வரவேண்டிய வழி. ஒரே ராத்திரியில் பின்வரிசை முன்வரிசையாகிவிட்டது. இதில் கிளைவைவிட லாரன்ஸைத்தான் பாராட்ட வேண்டும். தன் கீழ் இருக்கிற ஒரு கேப்டனின் ஆபத்தான யோசனைக்குப் பாதிப் படையைக் கொடுப்பது லேசில்லை.

லாவும் சும்மா இருக்கவில்லை. கிளைவ் வேறொரு பிரெஞ்சுப் படையை மறிக்கக் கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்ததும், 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் ராத்திரியில் சமயபுரத்துக்கு அனுப்பினார். அந்த 80-இல் 40 பேர் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள். காவலாளி கேட்டதற்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி முகாமுக்குள் நடந்தே போய்விட்டார்கள். அசல் அசாசின் தாவல்! ஆனால் தகவல் பழசு. கிளைவ் அதற்குள் திரும்பி வந்து சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். குண்டுகள் அவர் காலடியில் இருந்த பெட்டியைச் சிதறடித்தன. பக்கத்தில் படுத்திருந்த வேலையாள் செத்துப்போனார். கிளைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து ஓடி, சுட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களைத் தன் ஆட்கள் என்று நினைத்து ஏன் வீணாகச் சுடுகிறீர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாராம். பொழுது விடிந்தபோது உள்ளே புகுந்த கூட்டம் மாட்டிக்கொண்டிருந்தது. எதிராளியின் பலகையைக் கடைசி நொடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அசாசினை வை என்று அனுபவசாலிகள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

அதற்கப்புறம் தீவு மெல்ல இறுகியது. கிழக்கே கோவிலடி போனது. லால்குடியில் இருந்த தானியமும் கையில் இல்லை. வடகரையில் பிச்சாண்டார்கோவிலைக் கிளைவ் பிடித்ததும், பீரங்கிக் குண்டு கொள்ளிடத்தைத் தாண்டி சந்தா சாகிப்பின் முகாமிலேயே விழுந்தது. முகாம் என்றால் சிப்பாய்கள் மட்டும் இல்லை, பெண்டு பிள்ளைகள், யானை, ஒட்டகம் எல்லாம்தான். குதிரைப்படையின் ரோல் ஓடுவது. தீவில் அதற்கு ஓட இடமும் இல்லை, புல்லும் இல்லை. சம்பளமும் இல்லாததால் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போனார்கள், சிலர் கிளைவிடமே போய்ச் சேர்ந்தார்கள். உதவிக்கு வந்த தோத்தேயி வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். ஜூன் மாதம் லாவும் சரணடைந்தார், சுமார் 800 ஐரோப்பியர், 2000 சிப்பாய்களோடு.

விளையாட்டில் செத்த ஆட்கள் அடுத்த ரவுண்டில் அப்படியே எழுந்து நிற்பார்கள். சந்தா சாகிப் எழவில்லை. தப்பிக்க விடுவதாகச் சொன்ன தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிப் போனார். வாக்கு காற்றில் போனது. அவரை யார் வைத்துக்கொள்வது என்று கூட்டாளிகளுக்குள் சண்டை வந்து, கடைசியில் தலையை வெட்டிவிட்டார்கள்.

எல்லாரும் ஆயுதத்தைப் போட்ட பிறகும் ஒரு கூட்டம் நகரவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இருந்த 1000 ராஜபுத்திரர்கள். கோயிலுக்கு ஏழு சுற்று. வெளியிலிருந்து எண்ணி மூன்றாவது மதிலைத் தாண்டி யார் உள்ளே வந்தாலும் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தை எந்த ரோலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆங்கிலேயர்கள் அந்த மதிலைத் தாண்டவில்லை.