பாலையில் ஒரு பூக்காலம்

நிலத்தை நான்காகப் பகுத்த தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றித் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். வேனில் அதன் பெரும்பொழுது, நண்பகல் சிறுபொழுது, பிரிவு உரிப்பொருள். முல்லை பாலையாகத் திரியுமெனில், பாலை மீண்டும் முல்லையாக மலர்வதும் உண்டோ? இவ்வினாவிற்கு விடை போன்றதொரு காட்சியை 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கலிபோர்னியாவில் கண்டேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் இளவேனிற் பருவத்தில் ஒரு வாரம் விடுமுறை விடுவது வழக்கம். பணியின் பொருட்டுச் சான் டியாகோ நகரில் வாழ்ந்த நாங்கள், அவ்விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவிற்குப் புறப்பட்டோம். என் துணைவியாரும், பத்து வயது மகளும், இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த என் தாயாரும் உடன் வந்தனர். தந்தையார் மறைந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தாயார் எங்களுடனேயே தங்கிவிட வேண்டும் என்பது என் விருப்பம். அவரோ ஆம் என்றும் கூறவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. சன்னலருகே அமர்ந்து சாலையைப் பார்ப்பதிலேயே அவருடைய நாள்கள் கழிந்தன.

ஆறு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட அப்பூங்கா, கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களுள் மிகப் பெரியது. ஹுவான் பௌதிஸ்தா தே அன்சா என்ற ஸ்பானியப் பயணியின் பெயரும், ஆட்டைக் குறிக்கும் 'பொரேகோ' என்ற ஸ்பானியச் சொல்லும் இணைந்து அதன் பெயராயின. வளைந்த பெருங்கொம்புடைய காட்டாடுகள் இன்றும் அம்மலைகளில் வாழ்கின்றன. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே புதுமையன்று.

அத்தகைய நிலத்தில் அன்று நாங்கள் கண்டதை என்னென்பது! மணற்பரப்பெங்கும் 'சாண்ட் வெர்பினா' என்னும் கொடிப்பூ இளஞ்சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. மாலையில் விரிந்து மறுநாள் வெயில் ஏறுமுன் குவிந்துவிடும் 'ப்ரிம்ரோஸ்' வெண்மலர்கள் அதனிடையே திட்டுத்திட்டாய் நின்றன. முள்ளடர்ந்த 'ஒக்கட்டீயோ' கழிகளின் நுனிகளில் செம்பூக்கள் தீப்போல் எரிந்தன. தரைக்குள் ஆழத்தில் கிழங்காய் உறங்கிக் கிடந்த பாலை அல்லியும் தலைநீட்டியிருந்தது.

இப்பூக்கள் ஆண்டுதோறும் இவ்வாறு மலர்வதில்லை. இவற்றுள் பலவற்றின் விதைகள் மணலுக்குள் பல்லாண்டுகள் உயிரடக்கிக் கிடக்கின்றன. முளைத்தலைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் பல விதைகளின் உறையில் உள்ளன. நல்ல மழை பெய்து அவற்றைக் கழுவி நீக்கினால் மட்டுமே விதை கண் திறக்கும். ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலார் கலிபோர்னியப் பாலை மண்ணைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். கீழிருந்து மண்ணை நனைத்தபோது முளைக்காத விதைகள், மேலிருந்து மழைபோல் நீர் பொழிந்தபோது முளைத்தன. நல்ல மழை பெய்த ஆண்டிலும் எல்லா விதைகளும் ஒருசேர முளைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்த மழைக்கெனப் பின்தங்கிவிடுகிறது.

இவற்றை நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை பேசாதிருந்த தாயார் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரல்களுக்கிடையே வழியவிட்டார். "நம்ம ஊருல புழுதியில நெல்லை விதைச்சுட்டு மழைக்குக் காத்திருப்போம். சின்னத் தூறல் விழுந்தாலே நெல்லு ஏமாந்து முளைச்சிரும். அப்புறம் மழை இல்லாமக் கருகிப்போகும். இந்த விதை ஏமாறலையே!" என்றார். மாதக்கணக்கில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

அப்போது மகள் ஒரு மலரைப் பறிக்கக் கை நீட்டினாள். பறித்தல் பூங்கா விதிகளின்படி குற்றம் என்று நான் சொல்ல வாயெடுக்குமுன், "வேண்டாம் ஆத்தா, அது விதையாகணும்" என்று பாட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டார். சட்டத்தைவிட அச்சொல் அவளுக்கு விளங்கியது. அதே மாதத்தில், லேக் எல்சினோர் நகரையொட்டிய வாக்கர் பள்ளத்தாக்கில் கசகசாச் செடி இனத்துப் பூக்களைக் காணப் பல்லாயிரவர் திரண்டு, செடிகள் பல மிதிபட்டு, நகர நிர்வாகம் வழியையே அடைக்க நேர்ந்தது. அழகைக் காண வருவோரே அதன் அடுத்த தலைமுறையை அழிப்பதும் உண்டு.

திரும்பும் வழியில் மலைப்பாதை ஏறுகையில் தாயார் மெல்லக் கூறினார்: "தம்பி, ஆவணியில புழுதி விதைப்பு வரும். அப்பா இருந்திருந்தா ஆடியிலேயே ஏர் கட்டியிருப்பாரு. நான் ஊருக்குப் போறேன்பா."

தனியே எப்படி இருப்பீர்கள், மருத்துவத்திற்கு யார் துணை என்றெல்லாம் கேட்க எனக்கு ஆயிரம் வினாக்கள் இருந்தன. ஆயினும் அவர் குரலில் ஏழு மாதங்களாகக் காணாத ஓர் உறுதி இருந்தது. என் வீட்டில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. அவருக்குரிய மழைதான் அங்கில்லை. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தேன். அவ்வாண்டு ஆவணியில் அவர் தம் வயலில் விதைத்தார்.

பாலை முல்லையாகும் என்பதைக் கண்ணாரக் கண்டேன். ஆனால் அதன் உரிப்பொருள் மட்டும் மாறவில்லை. பிரிவு என்பது இலக்கணத்தில் ஒரு சொல். விமான நிலையத்தில் தாயார் திரும்பிப் பாராமல் நடந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.