மூன்று எழுத்துக்கள்

2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் அக்கா ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ பேப்பர்க்காரன்தானே. இதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காப் பார்" என்றார். அத்தானுடைய பரிசோதனை அறிக்கை அது. சில வாரங்களாக அவருக்குக் களைப்பு. பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. கால்களில் காரணமின்றிக் கண்டற்காயங்கள். அறிக்கையின் அடியில் ஏ.எம்.எல். என்று மூன்று எழுத்துக்கள் மட்டும் இருந்தன.

ஐ.சி.ஆர்.சி.யையும் யூ.என்.எச்.சி.ஆரையும் விரித்தெழுதியே பத்திரிகைத் தொழிலில் வயதானவன் நான். பெயர்ச்சுருக்கத்தை முதன்முறை எழுதும்போது விரித்தெழுத வேண்டும் என்று இளம் நிருபர்களைக் கடிந்துகொண்டும் இருக்கிறேன். இந்த மூன்று எழுத்துக்களை விரிக்க எனக்குத் தெரியவில்லை.

அக்கியூட் மைலொயிட் லியூக்கேமியா. என்புமச்சையில் வெண்குருதிக் கலங்களாக முதிர வேண்டியவை முதிராமலே பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும் நோய். அங்கே உற்பத்தியாகும் செங்குருதிக் கலங்களுக்கும் சிறுதட்டுக்களுக்கும் இடமில்லாமற் போகிறது. களைப்பும் இரத்தக் கசிவும் அதனால்தான். மச்சையில் முதிராக் கலங்கள் பொதுவாக நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் இப்பெயர் சூட்டப்படுகிறது. வெண்மை, குருதி என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து லியூக்கேமியா என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கியவர் ஜேர்மனிய வைத்தியர் ருடொல்ஃப் விர்ஷோ.

'அக்கியூட்' என்பதை நாம் பத்திரிகைகளில் 'கடுமையான' அல்லது 'தீவிர' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இங்கே அச்சொல் நோயின் வேகத்தைக் குறிப்பது. சிகிச்சை இல்லையெனில் வாரங்களில் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதே அதன் பொருள். எட்வேட் செயிட்டுக்கு வந்ததும் லியூக்கேமியாதான். ஆனால் அது சி.எல்.எல்.; முதலெழுத்தான 'சி' நாட்பட்டது என்பதைக் குறிக்கும். 1991இல் நோய் கண்டறியப்பட்ட பின் 12 ஆண்டுகள் வாழ்ந்து, தன் நினைவுக் குறிப்புகளையும் எழுதி முடித்து, 2003இல் மறைந்தார். நோயை உருவகமாக்கிப் பேசுவதைக் கண்டித்து 1978இல் நூல் எழுதிய சூசன் சொன்ராக்குக்கு முதலில் வந்தது எம்.டி.எஸ்.; அது ஏ.எம்.எல். ஆக மாறியது. மச்சை மாற்றுச் சிகிச்சையும் பலனளிக்காமல் 2004 டிசம்பரில் காலமானார். கண்டறியப்பட்டு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கொழும்பில் அத்தான் அனுமதிக்கப்பட்ட நாளில் கடைக்குப் போய் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு சுருக்கத்தையும் அதில் எழுதி, தாதியரிடம் கேட்டு எதிரே பொருளைக் குறித்தேன். ஏ.என்.சி. என்றால் எனக்கு மண்டேலாவின் கட்சி; அக்காவுக்குக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக். விடுதியில் அது நியூத்திரோபில் கலங்களின் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 500க்குக் கீழே போய்விட்டால் சிறு கிருமியும் ஆளைக் கொண்டுபோய்விடும். காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. அத்தானுக்கு 200 இருந்த கிழமையில் உறவினர் ஒருவர் பூங்கொத்தோடு வந்தார். தாதி வாசலிலேயே மறித்துவிட்டார். அவருக்குப் பெருங்கோபம். இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

சிகிச்சையின் பெயர் 'ஏழும் மூன்றும்'. ஏழு நாட்கள் சைற்றரபின். அவற்றுள் மூன்று நாட்கள் டோனோரூபிசின். முதல் மருந்துக்கு வழிகாட்டியது கரீபியன் கடலின் பஞ்சுயிரி ஒன்று. சிவந்த நிறமுடைய மற்றையது இத்தாலிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. 1970களிலிருந்து வழக்கிலுள்ள முறை இது. விஞ்ஞான ஆசிரியரான அத்தான் இதையெல்லாம் என்னிடம் விரும்பிக் கேட்டறிந்தார். "சிவப்புத் தண்ணி ஏறுது" என்று சிரிப்பார்.

ஏப்ரலில் வந்த மச்சைப் பரிசோதனை அறிக்கையில் சி.ஆர். என்றிருந்தது. கம்ப்ளீற் றெமிஷன். இதை நானே விரித்துவிட்டேன். வைத்திய நிபுணர் விடுதிக்கு வரும்வரை பொறுக்காமல், 'முழுக்கக் குணம்' என்று ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் தொலைபேசியில் சொன்னேன். அக்கா அன்றே நல்லூருக்கு நேர்த்தி வைத்தார்.

முதிராக் கலங்கள் மச்சையில் நூற்றுக்கு 5இலும் குறைந்து, குருதியின் எண்ணிக்கைகளும் மீண்டிருக்கின்றன என்பது மட்டுமே அதன் பொருள். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நோய்க்கலங்கள் இருக்கலாம். அவை நூறு கோடியாகக் குறைந்தாலும் உருப்பெருக்கியின் கீழ் மச்சை சுத்தமாகவே தோன்றும். எஞ்சியவற்றைத் தேடும் பரிசோதனைக்கு எம்.ஆர்.டி. என்று இன்னொரு சுருக்கம் உண்டு. தொடர் சிகிச்சை இல்லாவிட்டால் அநேகமாக எல்லோருக்கும் நோய் திரும்பும். இவற்றை வைத்திய நிபுணர் மறுநாள் பொறுமையாக விளக்கினார். உறுதிப்படுத்தாத செய்தியை வெளியிட்டவன் நான். பத்திரிகையென்றால் மறுநாள் திருத்தம் போட்டிருப்பேன். ரொறன்ரோவுக்கு மீண்டும் அழைப்பெடுக்க எனக்கு நான்கு நாட்கள் சென்றன. அக்காவிடம் நான் சொல்லவேயில்லை.

ஏ.எம்.எல்.லின் ஒரு வகையான ஏ.பி.எல்.லாக இருந்திருந்தால் கதை வேறு. விற்றமின் ஏ குடும்பத்து மருந்தொன்றும் ஆர்சனிக்கும் கொடுத்து அந்நோயாளரில் மிகப் பெரும்பாலானோரை இன்று குணப்படுத்துகிறார்கள். அத்தானுக்கு அது இல்லை.

தொடர் சிகிச்சைகளுக்குப் பின்னும் நவம்பரில் நோய் திரும்பியது. டிசம்பரில் அவரது படுக்கைச்சீட்டில் பி.எஸ்.சி. என்று எழுதியிருந்ததை அக்காதான் முதலிற் கண்டார்.

"இவற்றை பட்டத்தையும் போட்டிருக்கினம், தம்பி" என்றார்.

அத்தான் பேராதனையில் பி.எஸ்.சி. முடித்தவர். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்திய நிபுணரின் அறை வாசலில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். நோய்க்கான சிகிச்சை இனி இல்லை, நோவையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு மட்டுமே என்று அவர் விரித்துச் சொன்னார். கொப்பியில் அதைக் குறித்துக்கொண்டேன். விடுதிக்குத் திரும்பி அக்காவை வெளி வாங்கிலுக்கு அழைத்துப்போனேன். இம்முறை, கேட்டது முழுவதையும் சொன்னேன்.